டீச்சரின் மறுமையும் என் மறுமையும்

புத்தகம் நனையாமல் சுற்றி வைத்த நீலநிறச் சொப்பிங் பை இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. ஓரமெல்லாம் உப்புப் பூத்து, கை வைத்தால் மொரமொரக்கிறது. எறிய மனம் வரவில்லை. அதைக் கொண்டுவந்தவர் மூதூரில் என்னோடு படிப்பித்த முஸ்லிம் டீச்சர். இருவருக்கும் வீடு திருகோணமலைப் பட்டினத்தில். பாலங்கள் வருமுன் தினமும் காலையில் துறைமுகத்தில் லோஞ்ச் ஏறி, குடாவைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போவோம்.

என் கணவர் காலமான வருடம் நான் யாருடனும் கதைப்பதில்லை. லோஞ்சின் மூலையில் இருந்து சைவ சித்தாந்த விளக்க நூல் ஒன்றை வாசிப்பேன். செத்தவர் எங்கே போகிறார், அவரைத் திரும்பக் காண முடியுமா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒருநாள் டீச்சர் பக்கத்தில் வந்து இருந்தார். “மனசுக்குள்ள வாசிச்சா மனசுக்குள்ளயே சுத்தும். சத்தமா வாசிங்க டீச்சர், நானும் கேக்கிறன்” என்றார். மறுநாள் அந்தப் பையோடு தன் மார்க்க விளக்க நூலையும் கொண்டுவந்தார். ஒருநாள் என் நூல், ஒருநாள் அவர் நூல் என்று அதுவே வழக்கமாகிவிட்டது. எஞ்சின் இரைச்சலில் மெல்லக் கதைத்தால் கேட்காது. ஆன்மாவையும் பாவத்தையும் தொண்டை கிழியக் கத்தித்தான் விளங்கிக்கொண்டோம். இறங்குதுறையில் எஞ்சினைத் திடீரென்று நிறுத்துவார்கள். “செத்த பிறகு!” என்று நான் போட்ட சத்தம் மட்டும் தனியே கேட்கும். மீன்பெட்டியோடு நிற்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இரண்டு நூலிலும் மறுமை என்ற சொல் வந்தது. மறுமை உண்டு என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார். இவ்வளவு ஒற்றுமையா என்று இருவருக்கும் சந்தோசம் தாங்கவில்லை. மாதக்கணக்காக அந்தச் சந்தோசம் ஓடியது. ஒரு மாரிக்காலக் காலையில்தான் குட்டு வெளிப்பட்டது.

“மறுமையில உங்கட அவரைக் கண்டா முதல்ல என்ன கேப்பீங்க?” என்றார் டீச்சர்.

“எப்பிடிக் கேக்கிறது? அவர் எங்கயோ ஆரோவாப் பிறந்திருப்பார். நானும் வேற ஆரோ. கண்டாலும் தெரியாது.”

டீச்சர் புத்தகத்தை மூடினார். அவருடைய மறுமை, எல்லோரும் எழுப்பப்பட்டு அவரவர் அவரவராகவே நிற்கும் நாள். என்னுடையது அடுத்த பிறவி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் ஒருவருக்கொருவர் தலையாட்டியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“அப்ப என்னையும் தெரியாதா டீச்சர்?”

அந்த இரைச்சலுக்குள் இதை மட்டும் அவர் மெல்லக் கேட்டார். உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

பிறகு பாலங்கள் வந்தன, பஸ் வந்தது, இருவருக்கும் ஓய்வும் வந்தது. வாசிப்பு மட்டும் லிங்கநகரில் என் வீட்டில் பின்னேரங்களில் தொடர்ந்தது, அவர் படுக்கையில் விழும்வரை. கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மறுமையில காணுவம்” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “என்ட மறுமையில, டீச்சர். உங்கடதில இல்ல” என்றார். முகத்தில் அந்தப் பழைய குறும்பு இருந்தது.

“ஓம்” என்றேன். என் நூல் அதற்கு இடங்கொடுக்காது என்று அவருக்குத் தெரியும். அந்த நூலை என்னிலும் கவனமாகக் கேட்டவர் அவர். சில நாளில் அவர் மௌத்தாகிவிட்டார்.

இப்போதும் பின்னேரங்களில் வாசிக்கிறேன், சத்தமாகத்தான். வீட்டில் எந்த இரைச்சலும் இல்லாததால் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. கணவர் போனபோது தனிமை என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். அப்போது அதைச் சொல்லி அழ டீச்சர் இருந்தார்.

இன்று மறுமை என்ற சொல் வந்ததும் நூலை மூடி அந்தப் பைக்குள் வைத்தேன். பை மொரமொரத்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நான் யாராகவேனும் பிறந்துவிட்டுப் போகிறேன், அதற்கு முன் ஒருமுறை டீச்சரின் மறுமைக்குப் போய்வர முடியுமா? அவருடைய நூல் அதற்கு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். கேட்பதென்றால் டீச்சரிடம்தான் கேட்க வேண்டும்.