மசூர் பாஸ் வெட்டிய கார்

மசூர் பாஸுக்கு நினைவுக் கூட்டம் வைக்கப் போகிறோம், நீங்களும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஐஸ்கிரீம்காரன் ஸப்ரி வந்து கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மனிதன் மௌத்தாகி மூன்று மாதம். உயிரோடு இருந்த கடைசி இரண்டு வருடம் அவர் வாசலை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் சேர்ந்து கல்முனைக்குடிச் சந்தியில் பத்தடிக்கு பெனர் கட்டியிருந்தார்கள். 'வாகனச் சிற்பி' என்று கொட்டை எழுத்து. மூலையில் ஸப்ரியின் படம். அது பாஸின் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

நான் மேசன் றவூப். பாஸ் கலியாணம் முடித்தது என் மூத்த சகோதரியை, ஸுஹைறா ராத்தாவை. அதனால் எனக்கு அவர் மச்சான். கூட்டத்தில் பேச என்னைவிட உரித்தானவர் யார் என்று ஸப்ரி கேட்டான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். மசூர் பாஸின் தொழில், இருக்கிற வாகனத்தை இல்லாத வாகனமாக்குவது. ஒரு பழைய மொறிஸ் காரின் கூரையை வெட்டி எறிந்து திறந்த காராக்கினார். இந்த ஊர் மாப்பிள்ளைமாரில் பாதிப் பேர் ஊர்வலம் போனது அதில்தான். சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்ட பெரியநீலாவணைக் கதிர்காமனுக்குக் கையாலேயே பிரேக் பிடிக்கிற ஓட்டோ செய்து கொடுத்தார். மீன்காரனான கதிர்காமன் அதில் மீன்பெட்டியை ஏற்றிக்கொண்டு இன்றைக்கும் எங்கள் தெருவால் போகிறான். ஸப்ரியின் ஐஸ்கிரீம் வேனும் பாஸின் கைவேலைதான்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. யார் வந்தாலும் முதலில் பால்மா டின் தகட்டில் ஒரு சாண் நீளத்துக்கு அந்த வாகனத்தைச் சின்னதாகச் செய்வார். கதவு திறக்கும், சக்கரம் திரும்பும். சொந்தக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பெரியதில் கை வைப்பார். வேலை முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டுவார். "பெரிசு சின்னதுக்குப் பொய் சொல்லப்படாது" என்பார். பிறகு சின்னதைச் சொந்தக்காரரே கொண்டு போகலாம். ஆகவே கராஜ் தட்டில் ஒரு சின்ன வாகனம் இருந்தால், அதன் பெரியது இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அந்தத் தட்டில் ஒன்று மட்டும் இருபத்திரண்டு வருடம் அசையாமல் இருந்தது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே இரண்டு இருக்கை. அது பாஸின் சொந்தக் கார். ஓர் இருக்கை தனக்கு, மற்றது ராத்தாவுக்கு. ஊராரின் வேலை ஓயவில்லை. ராத்தா அதில் ஏறாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போன பிறகுதான் மனிதர் பெரியதைத் தொடங்கினார். தொடங்கும்போதும் இரண்டு இருக்கைதான் வைத்தார்.

இனி என் பங்கு.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் பேசினால் வீட்டை மகள் பேரில் எழுதிவிட்டு, பெற்றவர்கள் பின்னறைக்கு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். பாஸுக்கு ஒரே மகள், நதீரா. அவளுக்கு வந்த மாப்பிள்ளை அஸ்பாக் கந்தோர் உத்தியோகக்காரன். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத பிள்ளை. அப்படிப்பட்டவர்களைக் கண்டால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வளவின் பின்பக்கத்துக் கராஜை மட்டும் தன் பேரில் விட்டு எழுத பாஸ் நினைத்தார். நான்தான், "என்ன மச்சான் நீங்க, மகள்ட ஊட்டுக்குள்ள பங்கு பிரிக்கிறயா?" என்று வாயை வைத்தேன். அஸ்பாக்கும் சபையில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "கராஜ் மாமாக்குத்தான். நான் தொடமாட்டன்." முழு வளவும் நதீரா பேருக்குப் போனது. அவன் சொன்னதை யாரும் எழுதவில்லை.

மூன்று வருடத்தில் கார் முடியும் தறுவாய்க்கு வந்தது. அப்போதுதான் பாஸுக்குக் கண்ணில் கற்றரக்ற் வெட்டினார்கள். தூசு படக் கூடாது என்று மருதமுனையில் தங்கச்சி வீட்டில் மூன்று கிழமை இருந்தார். அந்த இடைவெளியில் அஸ்பாக் என்னைக் கூப்பிட்டான். வீட்டுக்கு மேல்மாடி போட வேண்டும். படிக்கட்டை வெளியால், வீட்டுக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழியில், அந்த ஓடையில் வைக்க வேண்டும் என்றான். கராஜிலிருந்து தெருவுக்கு வர அந்த ஏழடி ஓடையைத் தவிர வேறு வழி கிடையாது. பின்னால் அடுத்தவர் வீட்டுச் சுவர்.

"அப்ப மச்சான்ட கார் எப்பிடி வெளிய வாற?" என்று கேட்டேன்.

"அது ஓடப் போற காரா மாமா?" என்று அவன் சிரித்தான். "மேல்மாடி வேலையும் ஒங்களுக்குத்தான்."

நானும் சிரித்தேன். மறுநாளே கம்பி கட்டினேன்.

பாஸ் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தபோது கொங்கிறீற் காய்ந்திருந்தது. ஓடை வாயில் நின்று, மதிலிலிருந்து படிக்கட்டு மட்டும் சாண் வைத்து அளந்தார். இரண்டு முறை அளந்தார்.

"மூணரை அடி. கார் அஞ்சடி மச்சான்."

"மறந்து போயிட்டன் மச்சான்" என்றேன். நான் மறக்கவில்லை. ஊர் முழுக்க இதே பொய்யைச் சொல்லி, கடைசியில் நானே பாதி நம்பியிருந்தேன்.

பிறகு நதீரா பிள்ளை உண்டானாள். பெயின்ற் மணம் பிள்ளைக்கு ஆகாது, கராஜைத் துப்புரவாக்க வேண்டும் என்று அஸ்பாக் மெதுவாகத் தொடங்கினான். அப்போதும் குரல் உயரவில்லை. ஒருநாள் உடுப்புப் பையை எடுத்து வாசலில் வைத்தான்; உம்மா வீட்டுக்குப் போய் இருக்கப் போகிறானாம். பெண் வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை பையைத் தூக்கினால், எங்கள் ஊரில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிடும். எட்டு மாத வயிற்றோடு நதீரா கராஜ் வாசலில் வந்து நின்றாள்.

"வாப்பா, றவூப் மாமா மறந்து கட்டினதுக்கு இப்ப என்ன செய்ற? கார வெட்டிருங்க வாப்பா. அவர் போயிருவார்."

படிக்கட்டை உடைக்க எனக்கு ஒரு பகல் போதும். நான் அங்கேதான், மேல்மாடிக்கு அடுக்கிய கல்லின் பக்கத்தில் நின்றேன். செய்தி கேட்டு வந்த கதிர்காமன் ஓட்டோவிலிருந்து இறங்காமலே, "பாஸ், ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. நாலு பொடியனோட வந்து உடைச்சுத் தாறன்" என்றான்.

"வேணாம் தம்பி. மகள்ட ஊடு" என்றார் பாஸ்.

வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்தார். பிடித்த பிடியில் எஞ்சின் பேசியது. கராஜுக்குள்ளேயே நாலடி முன்னால் போனார், நாலடி பின்னால் வந்தார். அந்தக் கார் ஓடிய ஓட்டம் அவ்வளவுதான். பிறகு எஞ்சினைக் கழற்றி இறக்கினார், சோக் கட்டியால் நடுக்கோடு கீறினார், கிறைண்டரைப் பிடித்தார். நீளவாக்கில், இரண்டு இருக்கைக்கும் நடுவால் வெட்டிக்கொண்டு போனார். மதிலில் தொற்றி நின்று ஆட்கள் பார்த்தார்கள். ஸப்ரி வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டான். நிறைய லைக் விழுந்தது என்று பிறகு எனக்கே காட்டினான். பாதிக்கு இரண்டரை அடி. மூன்றரை அடி ஓடையால் இரண்டு பாதியும் தாராளமாக வெளியே போயின. பழைய இரும்புக்காரன் லொறியில் ஏற்றினான்.

அதன் பின் மனிதர் வேலை ஆயுதம் எதையும் தொடவில்லை. பின்னறைக்கும் பள்ளிவாசலுக்குமாக இரண்டு வருடம் நடந்தார், பிறகு அதுவும் நின்றுபோனது.

நினைவுக் கூட்ட மேசையில் அந்தச் சின்னச் சிவப்புக் காரை வைத்திருந்தார்கள். ஆட்கள் அதோடு நின்று செல்பி எடுத்தார்கள். அஸ்பாக் பேசினான்: மாமா எனக்கு வாப்பா மாதிரி, இதுதான் அவர் விட்டுப்போன கடைசிச் சொத்து, பழுதாகிக் கிடந்ததை நானே திருத்திப் பெயின்ற் அடித்தேன். சபை கண் கலங்கியது. அடுத்து நான் போனேன். பேச எழுதி வைத்திருந்த தாளை விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். பெருவிரலால் தடவியபோது இருக்கைகளுக்கு நடுவில் ஒரு தடிப்புத் தட்டியது.

பெரிசு சின்னதுக்குப் பொய் சொல்லக் கூடாது. பெரியதை வெட்டிய அன்றே மனிதர் சின்னதையும் வெட்டியிருக்கிறார்.

"கவனம் றவூப் காக்கா, பிஞ்சிரும்" என்றான் ஸப்ரி.

இழுத்தேன். பசை விட்டது. ஒரு கையில் மச்சானின் இருக்கை, மறுகையில் ராத்தாவின் இருக்கை.

"இதான் மசூர் பாஸ் செஞ்ச கடைசி வேல" என்று மைக்கில் சொன்னேன். "அளவு பிழைக்கல்ல. படிக்கட்டு என்ட வேல. அதிலயும் அளவு பிழைக்கல்ல."

பெண்கள் பக்கமிருந்து நதீரா எழுந்து வந்தாள். இடுப்பில் பிள்ளை. என் கையிலிருந்த இரண்டு பாதியையும் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப தெரிஞ்சுதான் கட்டின நீங்க?"

"ஓம்" என்றேன்.

"நீங்க மறந்துட்டீங்கெண்டு நெனச்சுத்தானே நான் வாப்பாட்ட கார வெட்டச் சொன்ன."

இரண்டு பாதியோடும் அவள் பெண்கள் பக்கம் திரும்பிப் போனாள். இப்போதும் அந்தத் தெருவால் வேலைக்குப் போகிறேன். நான் கட்டிய படிக்கட்டில் அவள் ஈர உடுப்போடு மேலே ஏறிப் போவதைச் சில நாள் காண்கிறேன். என்னைக் கண்டால் நிற்பாள், படிகளைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்ப்பாள், பிறகு ஏறிப் போய்விடுவாள்.