மாமா தன் தந்தைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த நாள்

என் கணவரின் தந்தையை நான் மாமா என்றே அழைத்தேன். ஜெர்மனியில் பிறந்து மெல்பேர்ணின் டண்டினொங்கில் கண்மூடிய அவரைப் பற்றி, முப்பத்தோராம் நாளாகிய இன்று இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உங்களிடம் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

மாமாவின் தந்தை ஜெர்மன் இராணுவத்தில் போக்குவரத்து அதிகாரி. சர்வாதிகாரியைக் கொன்று ஆட்சியைக் கவிழ்க்க அதிகாரிகள் சிலர் திட்டமிட்டபோது, தலைநகருக்குப் படைகளை ஏற்றிச் செல்ல லொறிகளையும் பெற்றோலையும் இரகசியமாக ஒதுக்கிக் கொடுத்தவர். திட்டம் பிசகியது. அவரைத் தூக்கிலிட்டார்கள். உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. சிறுவனாயிருந்த மாமாவைத் தாயிடமிருந்து பிரித்து, வேறு பெயரிட்டு, ஒரு விடுதியில் வைத்தார்கள். போர் முடிந்து வீடு திரும்பிய பிறகும் அயலவர்களுக்கு அவர் துரோகியின் மகன்தான்.

இளைஞனாகக் கப்பலேறி மெல்பேர்ண் வந்தவர், ஓய்வு பெறும்வரை உணவுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். மகனின் பாடசாலைக் கூட்டம் ஒன்றையும் தவறவிட்டதில்லை. மாமியை இழந்தபின் எங்களோடு இருந்தார். தந்தையைப் பற்றிக் கேட்டால், அவர் நாட்டை நினைத்தார், எங்களை நினைக்கவில்லை என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

சென்ற ஆடி அமாவாசையன்று என் அண்ணாவைக் கோயிலுக்குக் காரில் கொண்டுபோனவர் மாமா. காலமான எங்கள் அப்பாவுக்கு அண்ணாவைக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைப்பித்து முடித்த ஐயர், பின்னால் நின்ற மாமாவைப் பார்த்தார்.

"இவருக்கும் தகப்பன் இல்லைத்தானே? இருக்கச் சொல்லுங்கோ."

அண்ணா அதை ஆங்கிலத்தில் சொன்னார். மாமா, தனக்குத் தந்தைமேல் கோபம், அப்படியிருக்கச் செய்யலாமா என்று ஐயரிடம் கேட்கும்படி அண்ணாவிடம் சொன்னார்.

"கோவம் இல்லாமல் இஞ்ச ஆர் வருகினம்?" என்றார் ஐயர். "இருக்கச் சொல்லுங்கோ."

மாமா ஐயருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். தந்தையின் பெயரைச் சொன்னார். ஐயரின் வாயில் அது பாதிதான் நுழைந்தது. மாமா எள்ளோடு நீரை வார்த்து முடித்ததாக அண்ணா வந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர், சாகும்போது தன் தந்தைக்கு என் கணவரைவிட வயது குறைவு என்றார். ஒரு சின்னப் பெடியனோடு இவ்வளவு காலம் கோபித்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று சொல்லி அழுதார். அதற்கு முன் அவர் அழுது நாங்கள் கண்டதில்லை.

மருத்துவமனையில் கடைசி நாட்களில் அவருடைய ஆங்கிலம் போய், ஜெர்மன் மட்டும் மிஞ்சியது. எங்களுக்கு விளங்கிய ஒரே சொல் "பப்பா."

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவருக்கும், ஐயருக்கும் எங்கள் நன்றி. தன் கல்லறையில் கல் நாட்டும்போது மாமா தன் பெயருக்குக் கீழே தந்தையின் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்கு வேறெங்கும் கல்லறை இல்லை. அங்கே வரும் பிள்ளைகள் இது யாரென்று கேட்டால், மாமாவின் அப்பா என்று சொல்லுங்கள்.