கால்வாய் ஓரத்துச் சைக்கிள் பாதை

அடுகோடியில் பூங்காவிலிருந்து ஏரி வரை, ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரமாகப் புதிதாகப் போட்ட சைக்கிள் பாதையில் இன்று மாலை முதல்முறையாகப் போனேன். ஒரு சொட்டு மழை இல்லை.

பாதை கால்வாய் மட்டத்துக்கு இறங்கும் பாலத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே தையல் கடையிலிருந்து ஒரு பெண் கத்தினார்.

"அக்கா, சைக்கிளை விட்டுட்டு மேல வாங்க!"

"ஏன், என்னாச்சு?"

"நாத்தம் மாறிடுச்சு. எங்கயோ மழை கொட்டுது. தண்ணி வருது!"

சைக்கிளை விட மனம் வரவில்லை. இழுத்துக்கொண்டே படியேறினேன். கடைசிப் படியில் திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் இடுப்பளவு கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அடிக்கடி இப்படி வருமா?"

"எப்பவும் வர்றதுதான். முன்னெல்லாம் யாரும் இங்க இறங்க மாட்டாங்க. இப்பதான் ரோடு போட்டுக் கூப்பிடறாங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இதே பாதையில் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் ஊர்வலம் இருக்கிறது. நடத்துகிறவருக்கு ஃபோன் செய்து, நடந்ததைச் சொன்னேன்.

"மழை வந்தா எல்லாருக்கும் ரெயின்கோட் குடுத்துடுவோம் மேடம்," என்றார்.

என் மகளின் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். பட்டியலில் இன்னும் நிறையப் பெயர்கள் இருக்கின்றனவாம்.

அந்தப் பிள்ளைகளின் அம்மா, அப்பா யாராவது இதைப் படிக்கிறீர்களா?