அருளப்பு கேட்டது பாரிசை அல்ல

அருளப்புவின் மகள் காலையில் தொலைபேசி எடுத்தபோது நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். "பெரியப்பா, அப்பா எங்களை விட்டுப் போட்டார்" என்றாள். அவ்வளவுதான் அவளால் தமிழில் சொல்ல முடிந்தது. மிச்சத்தை அழுதபடி பிரெஞ்சில் சொன்னாள். அவளுடைய தகப்பன் இருந்திருந்தால் அதை எனக்குத் தமிழில் மாற்றிச் சொல்லியிருப்பார். முப்பது வருடமாக இந்த மொன்றியல் நகரத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர் செய்த வேலை அதுதான்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் எங்கள் மூத்தோர் சங்கத் தலைவர் பேசினார். "ஐரோப்பியக் கப்பல் பயணத்தில் எங்களுக்குப் பாரிஸ் நகரத்தைச் சுற்றிக் காட்டிய பெருந்தகை" என்றார். பின்னால் திரையில் ஒரு படம் போட்டார்கள். ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் அருளப்பு நிற்கிறார். இரண்டு கையிலும் மற்றவர்களுடைய சேலைப் பைகள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மரியாதை இல்லாத மனுசன் என்று சிலர் கதைத்ததாகக் கேள்வி. கதைத்தவர்கள் இதை வாசிக்கட்டும். அந்தப் படம் எடுத்த நாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இதைப் போடுகிற இதழின் ஆசிரியரிடம், ஒரு வரி வெட்டினாலும் முழுவதையும் திருப்பித் தந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

நானும் அருளப்புவும் ஜான்-டலோன் சந்தையில் ஒரே மரக்கறிக் கடையில் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணம், அவர் திருகோணமலை. நான் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன். சந்தையின் விலைப்பலகைகளையும் மெத்ரோவில் கிடக்கிற பழைய பத்திரிகைகளையும் எழுத்துக்கூட்டி பிரெஞ்சு வாசிக்கப் படித்தேன். வாசிப்பேன், வாய் வராது. அவருக்கு வாய்தான் எல்லாம். வந்த புதிதில் "தக்காளி" என்பதற்குப் பதிலாக வேறு எதையோ சொல்லி ஒரு கிழவியிடம் குடையால் அடி வாங்கினார். அடுத்த கிழமை அதே கிழவிக்கு வெண்டிக்காய் விற்றார். "அண்ணை, இந்தப் பாசையைப் படிக்கிறதெண்டால் வெக்கத்தைக் கழட்டி அங்கால வைச்சிட்டுக் கதைக்கவேணும். நீங்கள் வெக்கத்தோட படிக்கிறியள், அதுதான் தொண்டைக்குள்ள நிக்குது" என்பார். என்னை இப்படிச் சொல்ல அவரை மட்டும்தான் விட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி, குடிவரவு அலுவலகம், பள்ளிக்கூடம், வீட்டுக்காரனோடு சண்டை, எல்லாவற்றுக்கும் "அருளப்புவைக் கூப்பிடு" என்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அவர் வேலை முடிந்து சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்டதில்லை. அக்கரையில் லொங்குய்யில் இருந்துகூடக் கூப்பிடுவார்கள். ஆற்றைக் கடந்து போவார். நான் ஏசுவேன். "போகாட்டி அவை என்ன செய்வினம் அண்ணை?" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். அன்ரன். லண்டனுக்குப் போகப் பிரான்சுக்கு வந்து, லு ஆவ்ர் துறைமுகத்தில் லொறிகளுக்குள் ஒளிந்து கடல் கடக்கப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு குளிர்காலத்தில் துறைமுகத் தண்ணீரில் பிணமாகக் கிடந்தவனை எடுத்தார்கள். நகரசபை அடக்கம் செய்தது. கூட இருந்த இரண்டு பெடியன்கள் ஒரு மரச்சிலுவை நட்டு, இடத்தை அருளப்புவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்: மேட்டுச் சேமக்காலை, கடைசி வரிசை, மதிலோரம். முதலில் கடவுச்சீட்டு இல்லை, பிறகு மனைவியின் வருத்தமும் ஆஸ்பத்திரியும், பிறகு பிள்ளைகளின் படிப்பு. அவரால் போக முடியவில்லை. சந்தையில் பெட்டி இறக்கும்போது இதை ஒருமுறை எனக்குச் சொன்னார். திரும்பச் சொல்லவில்லை.

ஆகவே எங்கள் சங்கம் கப்பல் பயணம் ஒழுங்கு செய்தபோது, பயணத்தாளில் அந்தத் துறைமுகத்தைக் கண்டு அவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அந்தத் தாளை வாசித்து நானும் அவரோடு பெயர் கொடுத்தேன். பெரிய எழுத்தில் "பாரிஸ்" என்று போட்டு, கீழே ஊசி எழுத்தில் லு ஆவ்ர் என்று போட்டிருந்தார்கள். பாரிஸ் அங்கிருந்து மூன்று மணித்தியாலம். கப்பல்காரருக்கு லு ஆவ்ர் ஒரு நகரம் இல்லை, பாரிசுக்குள் நுழைகிற படலை. தங்கள் பிள்ளைகள் வாழ்கிற ஊரை இப்படி வாசற்படியாக்கி விற்றால் யாருக்கும் நோகும். உலக யுத்தத்தில் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய நகரம் அது. கொங்கிரீட்டால் திரும்பக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். கப்பலில் வருகிறவன் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

கப்பல் அங்கே கரை சேர்ந்த காலையில் அருளப்பு வெள்ளைச் சேட்டுப் போட்டு, மெழுகுதிரிப் பெட்டியோடு இறங்க நின்றார். தலைவர் வந்தார். எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்திருந்தார்கள், பாரிசுக்கு. பாரிசைப் பார்க்க என்று நினைக்காதீர்கள். லா ஷப்பலில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கின்றன. சேலை வாங்க, கொத்துரொட்டி தின்ன, திரும்பும் வழியில் கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம் எடுக்க.

"அருளப்பு, ஏறும். பஸ்காரனுக்கு இங்கிலிசு தெரியாதாம்."

"தலைவர், நான் இண்டைக்குத் தம்பியிட்ட..."

"கல்லறை எங்க ஓடப்போகுது? கடைதான் பூட்டிப்போடுவாங்கள். பேந்து ஒருக்கா வந்து ஆறுதலாப் பாரும்."

"அந்தாளை விடும் ஐசே. அது அந்தாளின்ர சகோதரம்" என்று நான் சத்தம் போட்டேன்.

பஸ்ஸுக்குள் இருந்து ஒரு அம்மா தலையை நீட்டினார். "ஐயோ, வழியில ஒண்டுக்குப் போறதெண்டாலும் ஆரிட்டக் கேக்கிறது? அருளப்புத் தம்பி, வாங்கோ ராசா."

அந்த ராசா என்ற சொல்லில் மனுசன் விழுந்துவிட்டார். மெழுகுதிரிப் பெட்டியை என் கையில் வைத்தார். "அண்ணை, நீங்கள் போறியளோ? கடைசி வரிசை, மதிலோரம்." நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பஸ்ஸின் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

நான் தனியாகப் போனேன். கூழாங்கல் கடற்கரையைத் தாண்டி, நீண்ட படிக்கட்டு ஏறி, சேமக்காலையின் பெயர் எழுதிய துண்டைக் கண்டவரிடமெல்லாம் காட்டிக் காட்டிப் போய்ச் சேர்ந்தேன். சிலுவை சரிந்து கிடந்தது. அதில் அன்ரன் என்ற பெயர் பாதி அழிந்திருந்தது. பக்கத்தில் ஒரு கம்பியில் சின்ன அறிவிப்பு. என்னால் வாசிக்க முடிந்தது. இந்தக் குழிக்கு ஒதுக்கிய காலம் முடிந்துவிட்டது, உரியவர்கள் இந்த வாரத்துக்குள் அலுவலகத்துக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் எலும்புகளை எடுத்துப் பொதுக் குழியில் சேர்த்துவிடுவார்கள். அது அவர்களுடைய சட்டம். பல வருடம் பொறுத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. வாசலில் இருந்த அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண்ணிடம் என் தொண்டையில் இருந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். வெட்கத்தை அன்றுதான் கழட்டினேன். அவள் விளங்கிக்கொண்டாள்.

"குடும்பத்தவர் ஒப்பமிட்டால் போதும். அண்ணன் எங்கே?"

"பாரிஸ்."

"கப்பலில் வந்தவர்களா? ஆ, கப்பலில் வருகிறவர்கள் எல்லோரும் பாரிசுக்குத்தான் போவார்கள்" என்றாள். அதில் குத்தல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். பிறகு, "ரயிலில் திரும்பினால் நாங்கள் பூட்டுமுன் வந்துவிடலாம்" என்றாள். பஸ்ஸில் தலைவரிடம் மட்டும்தான் கைபேசி. இலக்கத்தைக் கொடுத்தேன். அவளே அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

இருவரும் மதியம்வரை அடித்தோம். பிறகு நான் மதிலோரம் போய் மெழுகுதிரி ஏற்றினேன். காற்று அணைத்தது. என் தொப்பிக்குள் வைத்து ஏற்றினேன். எனக்கு அவர்களுடைய செபம் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்: "தம்பி, உன்ர அண்ணை வந்தவர். இந்த நாய்கள் அந்தாளைச் சேலைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போட்டுதுகள்."

பஸ் நெரிசலில் மாட்டி, கப்பல் சங்கு ஊதுகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. தலைவரிடம் கேட்டேன், ஏன் எடுக்கவில்லை என்று. "தெரியாத நம்பர். வெளிநாட்டில எடுத்தால் காசை அறுத்துப்போடுவாங்கள்" என்றார். நான் கை ஓங்கினேன். அருளப்பு குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பாரிசில் அவர் அன்று பேசிய பிரெஞ்சு எவ்வளவு என்று பிறகு கேட்டறிந்தேன். "இங்கே நிறுத்துங்கள்." "இங்கே காத்திருங்கள்." லா ஷப்பல் கடைக்காரர் எல்லோரும் தமிழர். அங்கே அவருக்குப் பை தூக்குவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

அன்று இரவே நான் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த துறைமுகத்தில் இருந்து அவர் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வார இறுதி, அலுவலகம் பூட்டு. மொன்றியல் வந்து எடுத்தபோது எலும்புகளைப் பொதுக் குழியில் சேர்த்தாயிற்று என்றாள் அந்தப் பெண். அவள் அழுததாக அருளப்பு சொன்னார். அவர் அழவில்லை. இரண்டு கிழமையில் தலைவரின் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது டவுன்டவுன் ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கப் போனார். நான் அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். "அந்த மனுசிக்கு நெஞ்சு நோகுது அண்ணை. அது என்ன செய்தது எனக்கு?" என்றார். இன்றைக்கும் அவர்மேல் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது. செத்ததால் அது குறையவில்லை.

ஆனால் ஒருமுறை அவர் எழுந்து நின்றதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சங்க ஒன்றுகூடலில் "எங்கள் பாரிஸ் பயணம்" என்று வீடியோ போட்டார்கள். முடிந்ததும், கூட்டத்தில் வாய் திறக்காத மனுசன் எழுந்தார். "தலைவர், நான் வெளிக்கிட்டது லு ஆவ்ருக்கு. என்னை நீங்கள்தான் பாரிசுக்குக் கொண்டுபோனது." அவ்வளவுதான். கதிரையில் இருந்துவிட்டார். தலைவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துக் கைதட்டினார். நீங்களும் தட்டினீர்கள்.

அன்று மண்டபத்தில் இருந்து வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர்தான் என்னோடு முதலில் கதைத்தார்.

"அண்ணை, அங்க நிண்டு பாத்தால் கடல் தெரியுமோ?"

"தெரியும்."

"எங்கட கப்பல்?"

"அதுவும் தெரிஞ்சது."

"அவனுக்கு என்ன சொன்னனியள்?"

சொன்னேன். நாய்கள் என்ற சொல்லையும் விடாமல் சொன்னேன். மனுசன் சிரிக்கத் தொடங்கினார். பஸ் வந்து, கதவு திறந்து, சாரதி "போன்சூர்" சொல்லியும் நிறுத்த முடியாமல் சிரித்தார். "அவனுக்குப் பிடிச்சிருக்கும் அண்ணை. என்னால அப்பிடிச் சொல்லியிருக்கேலாது."

அவரால் முடியாது, உண்மைதான். இத்தனை ஆண்டு எங்கள் எல்லோருடைய கோபத்தையும் வீட்டுக்காரனிடமும் வைத்தியரிடமும் நல்ல வார்த்தையாக மாற்றிச் சொல்லிச் சொல்லி, தன்னுடைய கோபத்தைச் சொல்ல அவரிடம் ஒரு பாசையும் மிஞ்சவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை அந்த மதிலோரத்தில் அவருக்காக ஒருமுறை நான் சொன்னேன். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.