தங்காத வீட்டுக்குப் பத்து ரிவ்யூ

ஜாய்ஸுக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவள். பளபளவென்று ஷூ போட்டு வந்தவர் போகும்போது துண்டைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறாள். கிழிந்த செருப்போடு வந்தவர் சில்லறை வரை கொடுத்துவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறாள். அதனால் முகத்தைப் பார்த்து அவள் எதையும் முடிவு செய்வதில்லை. கேள்வி கேட்பாள். பதில் வந்தால் அதற்கும் ஒரு கேள்வி கேட்பாள்.

லாட்ஜை இடித்துப் பெரிதாகக் கட்டப் போவதாக முதலாளி சொன்னதோடு அவள் வேலை போயிற்று. அந்த வேலையில் அவளுக்கென்றே ஒதுக்கிய ஒரு காரியம் இருந்தது. தங்கிவிட்டுப் போகிறவர்கள் வெந்நீர் வரவில்லை, இட்லி ஆறிப்போயிருந்தது என்று இணையத்தில் ரிவ்யூ எழுதுவார்கள். அதற்கெல்லாம் பதில் எழுதுவது அவள்தான். திட்டிவிட்டுப் போனவர்களே அந்தப் பதிலைப் படித்துவிட்டு மறுபடி வந்து தங்கியதுண்டு.

கடைசி நாளில் மேனேஜர் பன்னீர்செல்வம் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏம்மா, நீ எழுதற எழுத்தை நெட்லயே விக்கலாம். எழுதறதுக்குன்னே ஆள் தேடிகினு கீறானுங்க. வூட்ல உக்காந்து செய்யலாம்."

இவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டே ஜாய்ஸ் வீட்டுக்கு வந்தாள். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் போனை எடுத்துத் தேடினாள்.

முதலில் மாட்டியவன், பதிவுக் கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே எழுத்து வேலை என்றான்.

"உங்க ஆபீஸ் எங்க கீது?"

"ஆன்லைன் கம்பெனி மேடம்."

"சரி. நீ பேசிகினு கீறியே, அந்த ரூமு எந்த ஊர்ல கீது? கரண்டு பில்லு எங்க கட்ற?"

போன் வைக்கப்பட்டது.

அடுத்து, எழுத்து வேலை தரும் ஒரு தளத்தில் தன் பெயரைப் பதிந்தாள். இலவசமாக ஒரு மாதிரி எழுதித் தரும்படி ஒருவர் கேட்டார். கோவளம் கடற்கரையைப் பற்றி எழுதி அனுப்பினாள். ஆள் காணாமல் போனார். கொஞ்ச நாள் கழித்து ஏதோ ஒரு சுற்றுலாப் பக்கத்தில் அவள் வரிகள் அப்படியே கிடந்தன. கீழே வேறொருவர் பெயர். அதற்குப் பிறகு மாதிரி கேட்டவர்களுக்கு அவள் பாதிதான் அனுப்பினாள்.

உருப்படியாக வந்த முதல் வேலை ஒரு சிற்பக்கூடத்துக்கானது. வெளிநாட்டுக்கு அனுப்பும் சிலைகளைப் பற்றி இணையத்தில் போட நாலு நாலு வரி எழுத வேண்டும். படம் அனுப்பியிருந்தார்கள். படத்தை நம்பாமல் அவள் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். பணம் கணக்கில் ஏறிய அன்றே, திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று ஏடிஎம்முக்கு ஓடி முழுவதையும் எடுத்துவிட்டாள். ஹோட்டல்களில் எலக்ட்ரீஷியனாக வேலை செய்யும் அவள் கணவன் ஆல்வின் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இப்படி ஒன்றிரண்டு வேலை வந்துகொண்டிருந்தபோதுதான் அந்த ஆர்டர் வந்தது.

அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்து மட்டும். திருவிடந்தையில் சந்திரம்மா என்பவர் தன் வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அந்த வீட்டைப் பற்றிப் பத்துப் பேர் எழுதியது போலப் பத்து ரிவ்யூ வேண்டும். பத்தும் மோசமாக இருக்க வேண்டும். என்னென்ன குறை எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தது: குளியலறைத் தாழ்ப்பாள் விழாது, பின்னறைக் கட்டிலுக்கு ஒரு கால் உடைந்து கருங்கல் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், படுத்தால் ஆடும். வழக்கமான கூலியைப் போல மூன்று மடங்கு தருவதாகவும் இருந்தது.

ஆல்வின் தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னான்.

"எழுதிட்டுப் போயேன்மே. நீ எழுதலன்னா வேற எவனாச்சும் எழுதப் போறான்."

"கட்டில் காலு ஒடஞ்சது இவனுக்கு எப்படித் தெரியும்?"

"தங்கியிருப்பான்."

"தங்கினவன் அவனே திட்டி எழுதிட்டுப் போவான். காசு குடுத்து என்னை ஏன் எழுத வெக்கறான்?"

ஆல்வின் அடுத்த தோசையை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஜாய்ஸுக்குத் தோசை இறங்கவில்லை. பக்கத்து ரிசார்ட்காரனாக இருக்குமோ? அவனுக்குக் கட்டில் காலைப் பற்றி என்ன தெரியும்? பழைய லாட்ஜ் ஆட்களாக இருக்குமோ? பன்னீர்செல்வத்தையே கூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டாள். எழுதிக் கொடுத்த பிறகு இதையே காட்டித் தன்னை மிரட்டுவார்களோ என்றும் தோன்றியது. காலையில் முதல் வேலையாக ஈசிஆர் கடற்கரைச் சாலையில் திருவிடந்தைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

கோவிலைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது வீடு. கொடியில் வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. சந்திரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, விரிப்பின் ஓரத்தை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் காலமெல்லாம் வேலை செய்து, அந்தக் காசில் கட்டிய வீடு. பின்னால்தான் ஜாய்ஸ் அதைத் தெரிந்துகொண்டாள்.

உறவுக்காரர்கள் வருகிறார்கள், அறை பார்க்க வேண்டும் என்றாள் ஜாய்ஸ். சந்திரம்மா திறந்து காட்டினாள். இரண்டு அறையும் சுத்தம். கட்டில்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்; அசையவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், நன்றாக விழுந்தது.

"பின்னறை ஒண்ணு கீதாமே அக்கா? கட்டிலுக்குக் கல்லு முட்டுக் குடுத்துகீற ரூமு?"

சந்திரம்மா கையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்தாள்.

"யார்மா நீ? லீசுக்குக் கேக்கறானே அந்த ரிசார்ட்டுக்காரன், அவன் அனுப்சானா?"

"இல்லக்கா, நான்..."

"வெளிய போ முதல்ல. கேட்டுக்கு அந்தாண்ட நின்னு பேசு."

ஜாய்ஸ் கேட்டுக்கு வெளியே நின்று, போனை நீட்டி, வந்திருந்த ஆர்டரைப் படித்துக் காட்டினாள். சந்திரம்மா உடனே நம்பவில்லை. ஆதார் கார்டைக் கேட்டாள், போட்டோ எடுத்துக்கொண்டாள், வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டாள். சொன்ன ஹோட்டலுக்குத் தெரிந்தவர் மூலம் போன் போட்டு விசாரித்தாள். எல்லோரையும் குடைந்து குடைந்து கேட்டே பழகிய ஜாய்ஸுக்கு, தன்னை ஒருவர் அப்படிக் கேட்டது சுருக்கென்றிருந்தது. ஆனாலும் இந்த அம்மாவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கடைசியில் சந்திரம்மா கேட்டைத் திறந்து, படியில் உட்கார்ந்தாள்.

"அது நான் படுக்கற ரூமு. கெஸ்ட்டு எவனும் அந்த வாசப்படி தாண்டினதில்ல. பொங்கலுக்கு வந்தப்ப கட்டில் ஆடுதுன்னு கல்லை எடுத்தாந்து வெச்சதே என் பொண்ணு சிநேகாதான்." கையிலிருந்த சாவியைப் படியில் வைத்தாள். "எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்."

ஜாய்ஸ் அந்த ஆர்டர்காரருக்கு ஒரு வரி அனுப்பினாள்: பின்னறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? எழுதுவது உண்மை மாதிரித் தெரிய வேண்டுமல்லவா? கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஜன்னல் கிடையாது, சாமி படத்துக்கு மேலே காற்று வர ஓட்டை வைத்த சிமெண்ட் ஜாலி மட்டும்தான்.

படித்துக் காட்டியதும் சந்திரம்மா எழுந்து உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிநேகா, என் வூட்டைத் திட்டி எழுதச் சொல்லி ஆள் வெச்சியா?"

"இன்னாம்மா ஒளர்ற?"

"எழுதறவ என் பக்கத்துல உக்காந்துகினு கீறா."

மறுமுனையில் அழுகை வந்தது.

"முட்டி ஆபரேஷன் பண்ணிகினு, ஊர்ல கீறவன் படுத்த பெட்ஷீட்டெல்லாம் தொவச்சிகினு கீற. எத்தினி வாட்டி சொன்னேன், தாம்பரத்துக்கு வந்துடுன்னு? கேட்டியா? ஆளுங்க வரலன்னா நீயே கெளம்பி வந்துடுவேன்னு நெனச்சேன்."

"லீசுக்காரன் உங்கிட்ட பேசினானா?"

"பேசினான்... ஆனா அதுக்காக இல்லம்மா."

சந்திரம்மா போனை வைத்தாள். காற்றில் ஒரு விரிப்பு கொடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க ஜாய்ஸ் எழுந்தாள். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, சந்திரம்மாவே நொண்டி நொண்டிப் போய் எடுத்தாள்.

"அக்கறைன்னு சொல்றா. இருக்கும். லீசுக்காரன் பேசினதையும் அவளே ஒத்துகினா. எதை நம்பறது, சொல்லு?"

ஜாய்ஸ் தன் போனை எடுத்து, ஆர்டர் வேண்டாமென்று எழுதிப் போட்டாள். அதற்குள் சிநேகாவே அதை ரத்து செய்திருந்தாள்.

அவள் கிளம்பும்போது சந்திரம்மா கூப்பிட்டாள்.

"ஏம்மா, திட்டி எழுத அத்தினி டப்பு தரேன்னாங்க. நல்லபடியா எழுத இன்னா கேப்ப?"

"ஒரு நாள் இங்கயே தங்கிப் பாத்துட்டுதான் எழுதுவேன்."

தங்கினாள். எழுதினாள். கடல் சத்தம் கேட்கும், மீன் குழம்பு நன்றாக இருக்கும், வெந்நீர் காலையில் மட்டும்தான் வரும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் என்று எல்லாவற்றையும் எழுதினாள். சந்திரம்மா வரிக்கு வரி படித்துக் காட்டச் சொன்னாள். நாய் விஷயம் வந்ததும் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"குறையை எதுக்கு எழுதற? என் பக்கமா, நாய் பக்கமா?"

"குறையே இல்லன்னு எழுதினா படிக்கறவங்க நம்ப மாட்டாங்கக்கா. நானே நம்ப மாட்டேன்."

நாய் அப்படியே இருந்தது. ஆட்களும் வந்தார்கள். வந்த ஒரு குடும்பம், நாய்க்கென்றே பிஸ்கட் வாங்கி வந்தது.

அவள் எழுதியதை இணையத்தில் பார்த்துவிட்டு ஈசிஆர் ஓரம் அறை விடுகிற மற்றவர்களும் ஜாய்ஸைத் தேடினார்கள். நேரில் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று அவள் சொன்னதும் சிலர் போனை வைத்துவிட்டார்கள். அவர்களை அவள் திரும்பக் கூப்பிடவில்லை. எஞ்சியவர்களின் வேலையே போதுமானதாக இருந்தது. இப்போது ஒரு பயணத் தளத்துக்கும் மாதாமாதம் எழுதுகிறாள். லாட்ஜ் கட்டி முடிந்து பழைய வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை.

சிநேகா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அம்மாவிடம் அதிகம் பேசுவதில்லை. விரிப்புகளை எல்லாம் அவளே வாங்கித் துவைத்துப் போடுகிறாள். சந்திரம்மா தடுப்பதில்லை. ஆனால் அறை கேட்டு ஆட்கள் கூப்பிடும் போனின் பூட்டு எண்ணை மட்டும் மகளிடம் சொல்லவில்லை. ஜாய்ஸிடம் சொல்லியிருக்கிறாள். தன்னிடமும் சொல்லியிருக்கக் கூடாது, உடனே மாற்றிவிடுங்கள் என்று ஜாய்ஸ் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.