முருகர் படத்துக்குப் பின்னால் இருந்தவள்

என் பெட்டிகளைப் பார்க்க வருகிறவர்கள் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேருகிறார்கள். இதற்கெல்லாம் எங்கிருந்து யோசனை கிடைக்கிறது என்று கேட்பார்கள். பழைய கடிகாரக் கூட்டுக்குள்ளும் மருந்துக்கடை இழுப்பறைக்குள்ளும் கண்ணாடித் துண்டு, பொம்மையின் கை, துணி மில் சீட்டு என்று எதையாவது அடுக்கி ஒட்டி ஒருத்தி பிழைக்கிறாள் என்றால் கேட்கத்தானே செய்வார்கள். நானும் சளைக்காமல் பதில் வைத்திருக்கிறேன். திண்டிவனத்தில் மூடிப்போன ஸ்டுடியோவில் எடைக்கு வாங்கிய நெகட்டிவ்கள், ஜிகினா ஒட்டிய சாமி படங்கள், தீப்பெட்டிப் படங்கள் என்று பட்டியல் போடுவேன். அவர்களும் குறித்துக்கொண்டு போவார்கள். பட்டியலில் பொய் ஒன்றும் இல்லை. என்னுடைய முதல் பெட்டியை மட்டும் அதில் சேர்ப்பதில்லை.

அப்பா விழுப்புரத்தில், ஜங்ஷனிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். புதுப் படங்களை விடக் கண்ணாடி உடைந்து வருகிற பழைய படங்கள்தான் அதிகம். அவற்றின் முதுகைத் திறப்பது விடுமுறை நாட்களில் என் வேலை. குறடால் ஆணிகளைப் பிடுங்கி அட்டையைத் தூக்கினால், படம் ஆடாமல் இருப்பதற்காக அந்தக் காலத்து ஆட்கள் கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே திணித்திருப்பார்கள். யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை இருக்கும். துணிக்கட்டில் ஒட்டி வரும், கிளியோடு பெண் நிற்கிற மில் சீட்டு இருக்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய நாட்காட்டியின் பாதி லட்சுமி இருப்பாள். "முன்னாடி இருக்கறது அவங்களுது, பின்னாடி இருக்கறது உனுக்கு" என்று அப்பா எனக்கு எழுதிக்கொடுக்காத குறையாகச் சொல்லியிருந்தார். முன்பக்கத்துச் சாமிகளை விடப் பின்பக்கத்துக் குப்பை எனக்கு எவ்வளவோ பிடித்திருந்தது. அது யாருக்கும் காட்டுவதற்காக வைத்தது இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். அப்போது இப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. எனக்கு ஒன்பது வயது.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளையடிப்பில்தான் படங்கள் அதிகம் உடையும். அப்படி ஒரு நாள் கெடார் கிராமத்திலிருந்து ஓர் இளைஞர் சைக்கிளில் முருகர் படம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி குறுக்கே விரிந்திருந்தது. நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வேறொரு படத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். நான் முருகரைக் குப்புறப் போட்டு ஆணிகளைப் பிடுங்கினேன்.

உள்ளே ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது, அதுவும் போட்டோ. உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெண் மடியில் குழந்தையை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும். சுருக்கு வைத்த கவுன், கழுத்தில் பூமாலை, நெற்றியில் அகலமாக வட்டப் பொட்டு. கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. படம் பிடிக்கிற நேரத்தில் போய்த் தூங்கியிருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்கு முன்பே நான் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தேன். யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன சுவர்க் கடிகாரம் ஒன்றின் கூடு அது. கண்ணாடிக் கதவு உண்டு. பெண்டுலம் ஆடுகிற இடத்தில் மில் சீட்டுக் கிளிகளையும் சிவப்புக் கண்ணாடிச் சில்லுகளையும் ஒட்டி முடித்திருந்தேன். நடுவில் வைக்க ஆள்தான் இல்லை. குழந்தையை மட்டும் மடியிலிருந்து வெட்டி எடுத்து அங்கே ஒட்டினேன். அம்மாவின் கைவிரல்கள் நான்கு குழந்தையின் இடுப்போடு சேர்ந்து வந்துவிட்டன. மீதிப் படம் சாக்கடையில் போயிற்று.

எல்லாம் சரியாக வந்தும் தூக்கம் மட்டும் இடித்தது. இத்தனை கிளிகளை வைத்திருக்கிறேன், பார்க்காமல் தூங்கினால் எப்படி? எனக்கு அதற்கு முந்தைய மாதம்தான் மெட்ராஸ் ஐ வந்து, காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். சரியானதும் கோவில் வாசலில் கண்மலர் வாங்கிப் போட்டாள். சாமிக்குச் சாத்துகிற, கண் வடிவத்தில் வெட்டிய மெல்லிய வெள்ளித் தகடுகள் அவை. வாங்கியதில் குட்டி ஜோடி ஒன்று வீட்டிலேயே தங்கிவிட்டது. என் கண்ணைத் திறந்துவிட்டதே அதுதான் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படியானால் இவளுக்கும் திறக்கும்தானே? வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். அப்பா சட்டத்துக்குக் காய்ச்சி வைத்திருந்த வச்சிரப் பசையைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒட்டினேன். குழந்தை என்னையே உற்றுப் பார்த்தது. எனக்குத் தாங்க முடியாத பெருமை.

மறுநாள் மத்தியானம் ஓர் அம்மா டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏறக்குறைய ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கலாம். காலில் செருப்பு இல்லை.

"அண்ணே, நேத்து எம் புள்ள முருகர் படம் குடுத்துட்டுப் போனானே, அதும் பின்னாடி ஒண்ணு இருந்துதே, அது எங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் முருகரைப் பார்த்தேன்.

அந்த அம்மா தன்பாட்டில் பேசிக்கொண்டே போனார். அவர் நாற்று நடப் போயிருந்த நேரத்தில் படம் உடைந்திருக்கிறது. பிள்ளைக்கு விஷயமே தெரியாதாம், அவன் அப்புறம் பிறந்தவன். "ரெண்டு வயசுல போன கொயந்தய ஊட்ல மாட்டக் கூடாதுன்னு மாமியா கிழிக்க வந்துச்சுண்ணே. அதான் முருகரு பின்னாடி வெச்சிட்டேன். வெளக்கு ஏத்தும்போது அவளயும் கும்புட்டுக்கினு இருந்தேன். அது ஒண்ணுதான் இருக்குது."

வேறு வழியில்லாமல் கடிகாரக் கூட்டை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினேன். அப்பாவுக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. இறந்தவர்களை அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன் ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து எடுக்கிற படம் அது. நெற்றியில் இருந்தது பொட்டு இல்லை, நாணயம். அப்படிப்பட்ட படங்கள் எத்தனையோ அவர் கையால் சட்டம் போட்டவர். எனக்கு இதை அவர் சொல்லவில்லை. நான் பல வருஷம் கழித்து, திண்டிவனத்து நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தூங்குகிற குழந்தையை வெட்டியதற்கு உதை விழப்போகிறது என்பதுதான்.

அந்த அம்மா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பா கதவைத் திறந்து, ஈரத்துணியை ஒற்றி, ஒரு கண்ணை மெதுவாகத் தூக்கினார். வச்சிரம் விடுமா? தகட்டோடு படத்தின் தோலும் உரிந்து வந்தது. வலது கண் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் தெரிந்தது.

"வுட்ருங்கண்ணே" என்றார் அந்த அம்மா. "இன்னொரு கண்ணாவது இருக்கட்டும்."

அப்பா மரச்சட்டம் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். அந்த அம்மா நடுவில் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏம் பாப்பா, கண்ணு இன்னாத்துக்கு ஒட்டுன?"

"தூங்கிக்கினே இருந்துச்சு. எழுப்பலாம்னுதான்."

அவர் என் பக்கமாக இன்னும் குனிந்தார். பிறகு, அப்பாவுக்குக் கேட்காத குரலில், "எழுந்துக்கினாளா?" என்றார்.

இல்லை என்று சொன்னால் அடி விழும் என்று எனக்குத் தோன்றியது. "எழுந்துக்கினா" என்றேன்.

"எழுந்துக்கினு?"

"அம்மா எங்கன்னு கேட்டா."

தூங்கி எழுகிற எந்தக் குழந்தையும் அதைத்தானே கேட்கும் என்று சொல்லிவைத்தேன். "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டார். "தோ வந்துருவாங்கன்னு சொன்னேன்." அவர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கையில் சேறு காய்ந்த வாசனை வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்பா சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை அவரே பலகையோடு சேர்த்து அறுத்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்.

எனக்கு அடி விழவில்லை. பொய்யைச் சரியான இடத்தில் சொன்னால் பெரியவர்களையும் ஏமாற்றிவிடலாம் என்று நான் கற்றுக்கொண்டது அன்றுதான். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

முருகரை மகன் வந்து வாங்கிப்போய்விட்டார். பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை அந்த அம்மா மறுபடியும் வந்தார். படம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு மஞ்சள் பை நிறைய, நாங்கள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். அப்பா உள்ளே ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலைப் பற்றியும் என் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஏதோ கேட்டார். எனக்கோ எதிர்ச்சாரியில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடக் கட்டம் போட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா" என்றார். "வேற இன்னா சொன்னா அவ?"

எனக்குப் பேஜாராக இருந்தது. முடிந்துபோன விஷயத்தை இந்த அம்மா எதற்காகக் கிளறுகிறார்? இன்னொன்று சொன்னால் அதற்கு மேலும் கேட்பார், அதற்குள் அங்கே ஆட்டம் தொடங்கிவிடும்.

"ஒண்ணும் சொல்லல. மறுபடியும் தூங்கிட்டா."

அவர் தலையாட்டினார். இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். வரவில்லை.

"சரி, தூங்கட்டும்" என்று சொல்லி எழுந்தார். பையை என் கையில் வைத்துவிட்டுப் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் கடைக்கு வரவே இல்லை.

நான் மல்லாட்டையை உடைத்துத் தின்றுகொண்டே ஆட்டத்துக்கு ஓடினேன். பொய்யைச் சுருக்கமாகச் சொல்லித் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்னது பொய் என்று அவருக்கு முதல் நாளே தெரியும் என்பதோ, தெரிந்துகொண்டே அதில் இன்னும் கொஞ்சம் கேட்கத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார் என்பதோ எனக்கு அன்று தெரியாது.