கிராஃப் நோட்டுக்காரன்

எங்கள் கல்லூரிக்குச் சிப் வடிவமைப்பு நிறுவனம் ஒன்று ஆளெடுக்க வந்த அன்று, ராதாபுரம் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து ஒருவனும் வந்திருந்தான். ஒல்லி உடம்பு, தொளதொளச் சட்டை, கையில் தடித்த கிராஃப் நோட்டு. காத்திருந்த நேரமெல்லாம் அதில் பென்சிலால் சிக்னல் அலைகளை வரைந்துகொண்டே இருந்தான்.

"எதுக்குவே இந்தப் பாடு? கம்ப்யூட்டரே வரைஞ்சிருமே!" என்றேன் இளக்காரமாக.

"எங்க லேப்ல அந்த சாஃப்ட்வேர் கிடையாது வே. இப்படி வரைஞ்சுதான் தப்பைக் கண்டுபிடிக்கேன்" என்றான்.

நேர்காணலில் ஒரு சர்க்யூட்டைக் கொடுத்து, தப்பு எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றேன். ஒரு பென்சிலை என் பக்கம் நகர்த்தினார்கள்.

வேலை அவனுக்குத்தான். எங்கள் லேபில் எல்லாமே இருந்தது. அவன் லேபில் ஒன்றுமே இல்லாததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.